சாவா மூவாப் பேராடு

2009-ஆம் ஆண்டு எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த எட்டுப் பேர், காவிரியின் வடகரையில் உள்ள ஒரு சிற்றூர்ச் சிவன் கோயிலில் அந்திவிளக்கு எரிவதற்கென்று ஒரு தொகையைத் திரட்டி, வங்கியில் வைப்புநிதியாகப் போட்டோம். முதலைத் தொடக்கூடாது, ஆண்டுதோறும் வரும் வட்டியில் எண்ணெய் வாங்கவேண்டும் என்பது ஏற்பாடு. கல்வெட்டு பார்க்கப் போன இடத்தில், கருவறையில் இருட்டு மண்டிக்கிடந்ததைக் கண்டு எழுந்த எண்ணம் அது. கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு ஊர் திரும்பினோம். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் அந்தப் பக்கம் போனபோது விளக்கு எரியவில்லை. குருக்கள் தாமாகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். தொடக்கத்தில் ஆண்டு முழுமைக்கும் எண்ணெய் வாங்கி மிச்சமும் இருந்திருக்கிறது. பிறகு வட்டி விகிதம் இறங்கியது, எண்ணெய் விலை ஏறியது. வட்டிப்பணம் பத்து மாதத்துக்கு ஆயிற்று, ஏழு மாதத்துக்கு ஆயிற்று, கடைசியில் நான்கு மாதத்துக்கு வந்து நின்றது. இடையில் இரண்டு ஆண்டுகள் அவர் கைப்பணத்தைப் போட்டு எரித்திருக்கிறார். அதற்கு மேல் அவரால் இயலவில்லை. “நீங்க கொடுத்த பணம் அப்படியேதான் இருக்கு சார். எண்ணெய்தான் அப்படியே இல்லை” என்றார்.

நாங்கள் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நேர் எதிரே, தென்சுவரில், அதே கோயிலுக்கு ஒருவர் விளக்கு வைத்த செய்தியைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அவர் பணம் கொடுக்கவில்லை. ஆடு கொடுத்தார். தொண்ணூற்றாறு ஆடுகள்.

கல்வெட்டுகளோடு சற்றே பழகியவர்களுக்கும் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடர் தெரிந்திருக்கும். சாகாத, மூப்படையாத ஆடுகள். தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் இத்தொடர் எண்ணற்ற இடங்களில் வருகிறது. முதன்முதலில் படித்தபோது இதை ஏதோ மங்கல வழக்கு என்று எண்ணிக் கடந்துபோனோம். உண்மையில் இது கணக்கு வழக்கு. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு, எரிக்க விரும்புபவர் இத்தனை ஆடுகள் என்று விடுகிறார். அவற்றை ஓர் இடையர் ஏற்றுக்கொள்கிறார். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்துவிட வேண்டியது அவர் பொறுப்பு. ஆடு செத்தால், கிழடானால், குட்டிகளைக் கொண்டு அவரே ஈடுசெய்துகொள்ள வேண்டும். ஏட்டில் இருக்கும் எண்ணிக்கை குறைவதில்லை. ஆகவே அந்த ஆடுகள் சாவதுமில்லை, மூப்பதுமில்லை. இன்றைய மொழியில் சொன்னால், முதல் அழியாத அறக்கட்டளை. வேறுபாடு, இந்த முதல் புல் மேய்ந்தது; குட்டி போட்டது.

ஒரு விளக்குக்கு எத்தனை ஆடு என்பது காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வேறுபட்டிருக்கிறது. தொண்ணூறு என்று பல கல்வெட்டுகள் சொல்லும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) வகுத்த ஒழுங்கில், ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். இரண்டு ஆட்டுக்கு ஒரு பசு, ஆறு ஆட்டுக்கு ஓர் எருமை என்று சமன் செய்திருக்கிறார்கள். முழு விளக்குக்கு வசதியில்லாதவர் அரை விளக்குக்கு 48 ஆடு கொடுக்கலாம்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மாலை முழுதும் கணக்குப் போட்டோம். நாழிக்கு நான்கு உழக்கு. நாளுக்கு ஓர் உழக்கென்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 91 நாழி நெய். அதை 96 ஆடுகளுக்குப் பங்கிட்டால், ஓர் ஆட்டின் மீது விழுவது ஆண்டு முழுமைக்கும் ஒரு நாழிக்கும் குறைவு. பசுவென்றால் இரண்டு நாழிக்குச் சற்றுக் குறைவு. பசு வளர்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவ்வளவு கொஞ்சம். பாலும் தயிரும் மோரும், மந்தை பெருகும்போது மிஞ்சும் குட்டிகளும், ஆட்டு மயிரும், வயலுக்குக் கிடை போட்டால் கிடைக்கும் நெல்லும் இடையருக்கே. கொடுத்தவர் தம் ஆடுகளிடமிருந்து கறக்கக்கூடியதை எல்லாம் கறந்துவிடவில்லை. மந்தை பஞ்சத்தைத் தாங்கவும், நோயில் பாதி போனால் மறுபடி பெருகவும், மேய்ப்பவன் குடும்பம் அதை வைத்துப் பிழைக்கவும் போதுமான இடம் விட்டுத்தான் அந்த உழக்கைக் கேட்டிருக்கிறார். நாங்களோ வட்டியின் கடைசிப் பைசாவரை எண்ணெயாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தோம். எங்கள் பணத்துக்குக் குட்டி போட நாங்கள் இடம் தரவில்லை. அது வங்கியில் இருந்தபடியே மூத்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. விளக்குக்கு வேண்டியது நெய். அவர்கள் கொடுத்தது நெய் தரும் பொருள். நடுவில் விலை என்ற ஒன்று புகவே இல்லை. பணமாகக் கொடுத்த அறங்களிலும் சோழர்காலத்தார் இயன்றவரை இந்த எச்சரிக்கையைக் கைவிடவில்லை. தஞ்சைக் கோயிலின் காசை ஊர்ச்சபைகள் வட்டிக்கு வாங்கிக்கொண்டன. வட்டி காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆனால் பல ஊர்களுக்கு வட்டியைக் காசாக அல்லாமல் நெல்லாகவே அளக்கும்படி விதித்திருக்கிறார்கள். முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரத்தில் 340 மாணவர் பயின்ற கல்விச்சாலைக்கும் நாளொன்றுக்கு ஒரு மாணவருக்கு இத்தனை நாழி நெல் என்றே ஏற்பாடு. வீரராசேந்திரன் காலத்தில் (1063–1070), பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமான திருமுக்கூடலில் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை இருந்தது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என ஒவ்வொருவர் ஊதியத்தையும் குறித்ததோடு, ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளையும் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அறம் செய்தேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல், அறம் நாளைக் காலையில் எப்படி நடக்கும் என்று எண்ணிப் பார்த்தவர்களின் பட்டியல் அது.

யார் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு வருவோம். இராசராசன் தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டின் இருபதாம் நாள், அரண்மனையின் கீழைத் திருமஞ்சனசாலையில் இருந்தபோது இட்ட ஆணை புகழ்பெற்றது. தான் கொடுத்தனவும், தன் அக்கன் கொடுத்தனவும், தன் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்திலே கல்லில் வெட்டப்படவேண்டும் என்பது அதன் சாரம். 1891 முதல் ஹுல்ட்ஸ் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியாக அவற்றைப் பதிப்பித்ததால்தான் நம்மைப் போன்றவர்களும் வீட்டிலிருந்தபடியே படிக்க முடிகிறது. அரசன் அந்தக் கடைசித் தொடரைச் சேர்த்திராவிட்டால் யாரும் அவனைக் குறைசொல்லியிருக்கப் போவதில்லை. சேர்த்தான், அதனால் சின்ன அதிகாரிகளின் பெயர்களும் ஆயிரம் ஆண்டு நிற்கின்றன. அக்கன் குந்தவை அங்கே எழுந்தருளுவித்த திருமேனிகளில், பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்பட்ட தன் தந்தை சுந்தரசோழருக்கும் தன் தாய்க்கும் உரியவையும் உண்டு. கொடை என்ற சொல்லின் அடியில் இருந்தது பல நேரங்களில் துயரம்தான்.

துயரம் மட்டுமல்ல, குற்றமும் இருந்தது. வேட்டைக்குப் போனவன் எய்த அம்பு குறிதவறி மனிதன்மேல் பாய்ந்து அவன் இறந்துபட, ஊரார் கூடி, கைப்பிழையாய் நேர்ந்ததற்கு உயிருக்கு உயிர் வாங்கவேண்டாம், இறந்தவன் பொருட்டு விளக்கு வைக்கட்டும் என்று தீர்த்த செய்திகளைக் கல்வெட்டுகளில் காணலாம். இதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் எடுத்துக்காட்டும் இன்னொரு நிகழ்ச்சியை அவ்வளவு எளிதாகக் கடக்க எங்களால் இயலவில்லை. ஓர் ஊர் அதிகாரி ஒரு பெண்ணிடம் வரி கேட்டு நெருக்கினான். தான் அதற்குக் கடன்பட்டவள் அல்லள் என்று அவள் சொன்னாள். அவன் விடவில்லை. அவள் நஞ்சுண்டு மாண்டாள். பல நாட்டாரும் கூடி அவனைக் குற்றவாளி என்றார்கள். கழுவாயாக அவன் 32 காசு கொடுத்துக் கோயிலில் ஒரு விளக்கு வைத்தான். அந்த விளக்கின் வெளிச்சத்தில் நின்று கும்பிட்டவர்களில் அவள் வீட்டாரும் இருந்திருப்பார்களோ என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நந்தாவிளக்குக் கொடைகளை எல்லாம் பக்திப் பெருக்கு என்று ஒரே வரியில் முடித்துவிடும் நூல்கள் இத்தகைய கல்வெட்டுகளைத் திரும்பப் படிக்கவேண்டும்.

இனி, ஆடு மேய்த்தவர். கல்வெட்டுகள் இவரை ‘மன்றாடி’ என்று குறிக்கின்றன. மன்றில் ஆடும் இறைவனுக்கும் அதே பெயர். இன்றைய வழக்கிலோ மன்றாடுவது கெஞ்சிக் கேட்பது. தஞ்சைக் கல்வெட்டுகள் இந்த இடையர்களை ஊர்ப்பெயரோடும் உறவினர் பெயரோடும் ஒவ்வொருவராகப் பதிவுசெய்கின்றன. அரசனுடைய விளக்கு அணையாமல் இருப்பதற்காகத் தம்மையும், பிறக்கப்போகும் பிள்ளைகளையும் ஒப்புக்கொடுத்தவர்கள் இவர்கள். ஏனெனில் ‘சந்திராதித்தவல்’ என்பது ஒப்பந்தக் காலம். சந்திரனும் சூரியனும் உள்ள வரையில். கொடுத்தவனுக்கு அந்தச் சொல் புகழ். ஏற்றவனுக்கு அது முடிவில்லாத கடன். நல்ல மழைக்காலங்களில் முதல் தலைமுறை அந்த மந்தையால் செழித்திருக்கலாம். நாம் போட்ட கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் நான்காம் தலைமுறையில் ஒரு பஞ்சத்தில், மந்தையே அழிந்துபோன பிறகு, உழக்கோடு கோயில் வாசலில் நின்ற கொள்ளுப்பேரனை யாரும் கேட்டு எழுதவில்லை. விரும்பி ஏற்றார்களா, ஏற்கவைக்கப்பட்டார்களா என்பதைக் கல் சொல்வதில்லை. கல்லில் பேசுவது கொடுத்தவர் குரலும் கோயிலின் குரலும்தான்.

தஞ்சையில் ஒரு கதை வழங்குகிறது. பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கல்லைத் தந்தவள் அழகி என்னும் ஓர் இடைச்சிக் கிழவி என்றும், அவள் தந்த கல்லின் நிழலில் இருக்கிறோம் என்று இறைவனே அரசனுக்குக் கனவில் சொன்னான் என்றும். கல்வெட்டில் இதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆய்வாளர்கள் கட்டுக்கதை என்று ஒதுக்குவதும் சரியே. எனினும் ஊர் வாய், கொடையாளிகளின் வரிசையில் தான் சேர்க்க விரும்பிய பெயருக்கு இடைக்குலத்துப் பெண் ஒருத்தியையே தேர்ந்தெடுத்தது ஏன் என்று எங்களுக்குள் ஒருவர் கேட்டார். விடை சொல்ல யாரும் முன்வரவில்லை.

கொடுத்தவர்களுக்கும் அச்சம் இருந்தது. கல்வெட்டுகளின் இறுதியில் வரும் சாபங்களை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள்: இந்த அறத்தை அழித்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடைப்பட்ட பாவமெல்லாம் கொள்வான், காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றெல்லாம். அவற்றுக்குப் பக்கத்திலேயே வரும் இன்னொரு வாசகத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இந்தத் தர்மத்தைக் காத்தவனுடைய திருப்பாதம் என் தலைமேல் என்பது அது. படைகள் நடத்தியவர்களும் நாடுகளை ஆண்டவர்களும், இன்னும் பிறவாத, பெயர் தெரியாத ஒருவனுடைய காலடியில் முன்கூட்டியே தலையை வைத்திருக்கிறார்கள். அந்த ஒருவன் வருவான் என்பதில் அவர்களுக்கு உறுதி இல்லாததால்தான் சாபத்தையும் சேர்த்து எழுதினார்கள் போலும். கோயிலில் வாங்கிய காசுக்கு வட்டி கட்டமுடியாமல் ஊர்ச்சபைகள் நிலத்தைக் கோயிலுக்கே எழுதிக் கொடுத்ததையும் அவர்கள் அறிந்திருப்பார்கள்.

அப்படிக் காத்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கண்டராதித்தரின் தேவியும் உத்தமசோழரின் தாயுமான செம்பியன் மாதேவி, பத்தாம் நூற்றாண்டில் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கியவர் என்பதை வரலாறு படித்த அனைவரும் அறிவர். திருக்கோடிக்காவலில் அவர் கற்றளி எடுத்தபோது, பழைய கோயிலுக்குரிய கல்வெட்டுகள் பொறித்த கற்கள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. அவற்றில் பல்லவர் காலத்தனவும் இருந்தன. எவரெவரோ, என்றைக்கோ, தமக்கு எவ்வகையிலும் உறவில்லாத அரசர்களின் ஆட்சியில் கொடுத்த பொன்னும் நிலமும் விளக்கும். புதுச்சுவர் எழுப்புகிறவர் அவற்றை அடித்தளத்தில் போட்டு மூடியிருக்கலாம்; அப்படி மூடப்பட்டவை ஏராளம். மாதேவியின் திருப்பணியிலோ அவற்றையெல்லாம் படியெடுத்து, பழங்கற்படி என்று குறிப்பிட்டே, புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். தம் பெயருக்கு ஒதுக்கியிருக்கக்கூடிய சுவரை அவர் பிறர் பெயருக்குக் கொடுத்தார். அவர் செய்த கொடைகள் அனைத்திலும் எங்களுக்கு உயர்ந்ததாகத் தோன்றுவது, புதிதாக எதையும் கொடுக்காத இந்தச் செயல்தான்.

உபயதாரர் பெயரை எழுதி எழுதி வெளிச்சமே வெளியே வராமல் போன குழல்விளக்குகளைப் பற்றி நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். நாங்களும் சிரித்தவர்கள்தாம். ஆனால் பெயர் பொறிக்கும் ஆசையை வைத்து மட்டும் அவர்களையும் சோழர்களையும் வேறுபடுத்த முடியாது, ஆசை ஒன்றே. குழல்விளக்கு மாட்டியவர் மின்கட்டணத்தைப் பற்றி எண்ணவில்லை. வைப்புநிதி போட்ட நாங்களும் எண்ணெய் விலையைப் பற்றி எண்ணவில்லை. அவ்வளவுதான்.

அந்தத் தென்சுவர்க் கல்வெட்டைக் கடைசியாக ஒருமுறை படித்துப் பார்த்தோம். முன்பு ஒரு திருப்பணியின்போது மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைத் துலக்கியதில் எழுத்துகள் மழுங்கியிருந்தன. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரிகிறது. அரசன் பெயர் இருக்கிறது, ஆட்சியாண்டு இருக்கிறது, கொடுத்தவர் பெயரும் ஊரும் இருக்கின்றன, தொண்ணூற்றாறு இருக்கிறது. ‘இவ்வாடு கொண்ட மன்றாடி’ என்றதோடு கல் முடிகிறது. அடுத்த கல் பிற்காலத்தில் மாற்றி வைத்தது; வெறுங்கல்.

வைப்புநிதியை எடுத்துவிட்டோம். அத்தொகையைக் குருக்கள் கைவிட்டுப் போட்டதற்கு ஈடாகக் கொடுக்க முயன்றோம். அவர் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார். மீதியில் விளக்கு பழுதுபார்க்கப்பட்டது. இப்போது எட்டுப் பேரும் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒன்றரை மாதம் என எண்ணெயாகவே வாங்கி அனுப்புகிறோம். இந்த ஏற்பாடு தொடங்கிய இரண்டாம் ஆண்டில் எங்களில் மூத்தவர் காலமானார். அவருடைய முறை வந்தபோது என்ன செய்வது என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள், அவர் மகன் எண்ணெய் அனுப்பிவிட்டதாகக் குருக்கள் தொலைபேசியில் சொன்னார். அவரை நாங்கள் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை.